எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்ற பாடம்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதுவது)

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்து விவசாயிக்கு ஓய்வு கிடையாது. மேற்கு மலையில் பெய்யும் மழை அருவிகளாக இறங்கிச் சிற்றாற்றில் சேருகிறது. அணைகளால் மறிக்கப்பட்டு, வாய்க்கால்களிற் புகுந்து, குளங்களை நிரப்பிக் கார்ப் பயிருக்கு உயிரளிக்கிறது. ஆற்று நீர் ஒன்றுதான்; அதைப் பெறும் வயல்களோ ஒன்றுபோல் இல்லை. மேட்டு வயல் உண்டு, பள்ள வயல் உண்டு. மணற்பாங்கான நிலம் உண்டு, களிமண் நிலமும் உண்டு. எல்லா மடைகளையும் ஒரே அளவாகத் திறந்து ஒரே நேரத்தில் அடைத்தால் பள்ளத்துப் பயிர் அழுகும். மேட்டுப் பயிர் காயும். நீர் பாய்ச்சத் தெரிந்தவர் அவ்வாறு செய்வதில்லை. எல்லா வயல்களும் விளைய வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்த நோக்கம் மாறாமல் இருப்பதற்காகவே வயலுக்கு வயல் முறையை மாற்றிக்கொள்கிறார்.

வயலில் நாம் நாள்தோறும் கையாளும் இந்த அறிவைப் பள்ளிக்கூடத்திலும் கையாளுகிறோமா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. பள்ளிப் பாடம் ஆசிரியர் விஷயம், அதில் ஊராட்சி உறுப்பினருக்கும் விவசாயிக்கும் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது என்பதைப் போகப் போகக் காண்போம்.

வகுப்பறையின் நிலை

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் 20 பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவன் கதைப் புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கிறான். அடுத்தவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். மூன்றாமவனுக்கு எழுத்துகளே இன்னும் பிடிபடவில்லை. ஒரு பெண்ணின் வீட்டு மொழி தெலுங்கு. வேலை தேடி வந்த வடநாட்டுத் தொழிலாளியின் மகனுக்கோ தமிழ் புதிது. ஒருத்திக்குக் கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பையனுக்கு ஒரு காது கேட்பதில்லை. கூப்பிட்டால் திரும்பாத குணம் என்று அவனைப் பற்றி ஊரில் பேச்சு. இன்னொருவன் வாயால் கேட்டால் எல்லாக் கணக்கையும் சரியாகச் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிவிடும். மற்றொருவன் கொடுத்த வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தவனைச் சீண்டுகிறான்.

ஆசிரியரோ ஒருவர். பெரும்பாலும் அவர் இந்த வகுப்பை மட்டும் நடத்துபவரும் அல்லர். 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பதே சட்டத்தின் கணக்கு. எனவே சிறு கிராமங்களில் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்து நடத்துவது சாதாரணமான காட்சி.

இந்த நிலையில் ஆசிரியர் என்ன செய்வார்? நடுவில் உள்ள ஏழெட்டுப் பேரை மனத்திற் கொண்டு பாடத்தை நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவார். முன்னே நிற்பவனுக்கு அது சலிப்பு. பின்னே நிற்பவனுக்கு அது வெறும் ஓசை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக் கட்டடத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமியைப் பாடம் வாசிக்கச் சொன்னேன். தெளிவான குரலில் ஒரு பிழையுமின்றி வாசித்தாள். மகிழ்ச்சியுடன் அருகிற் சென்று பார்த்தேன். அவள் சொல்லிக்கொண்டிருந்த வரி வேறு. விரல் வைத்திருந்த வரி வேறு. அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர் படிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாள். அவள் நோட்டுப் புத்தகம் வகுப்பிலேயே அழகானது. பார்த்து எழுதுவதில் அவளுக்கு நிகரில்லை. எழுதியது என்ன என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

ஐந்து ஆண்டுகள் அவள் பள்ளிக்குத் தவறாமல் வந்திருக்கிறாள். யாரும் அவளை அடிக்கவில்லை, விரட்டவுமில்லை. அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவ்வளவு நல்ல நினைவாற்றல் உள்ள பெண்ணுக்கு வாசிக்கத் தெரியாமற்போனது அவள் குற்றமா? மேட்டு வயலுக்கு மடை திறக்காமல் விட்டுவிட்டு மண் சரியில்லை என்று சொல்வது போலத்தான் அது.

இது நமக்குப் புதிதன்று

பிள்ளையின் நிலையறிந்து பாடத்தைப் பிரித்துக் கொடுப்பதைச் சிலர் மேல்நாட்டுப் புதுமை என்று கருதுகிறார்கள். நம் திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்ற பிரிவே இல்லை. மணலில் எழுத்துப் பழகுபவனும் ஓலையில் வாசிப்பவனும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். ஒன்றைக் கற்று முடித்தவன் அடுத்ததற்குப் போனான். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அந்தத் திண்ணை எல்லாச் சாதியார்க்கும் திறந்திருக்கவில்லை என்பது மறக்கக் கூடாத குறை. ஆயினும் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறை கடல் கடந்து சென்றது. 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது.

உடற்குறை உள்ள குழந்தைகளுக்கும் கல்வி உண்டு என்பதைத் திருநெல்வேலிச் சீமை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தனித்தனிப் பள்ளிகள் பாளையங்கோட்டையில் 1890களிலேயே தோன்றிவிட்டன. இத்தாலிய நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் தாம் கண்ட முறைகளையே பின்னர் எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தினார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அண்மைக் காலத்தில் ஆந்திர மாநிலத்து ரிஷிவேலியில், ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக ஒரு முறை உருவாயிற்று. பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை செய்து, கற்றல் ஏணி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொள்ளும். இதைப் பின்பற்றிச் சென்னை மாநகராட்சி 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. அப்பொழுது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் திரு. எம். பி. விஜயகுமார் அவர்கள். 2007இல் அம்முறை தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்ததையும், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரடியில் கரும்பலகை பூசியதையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

கொரோனா நோயால் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தபின், பிள்ளைகளுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகிற்று. அதை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் இயக்கமும் தொடங்கப்பெற்றன. பின்னதில் ஒன்று முதல் மூன்று வகுப்புவரை உள்ள பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூவகைப்படுத்திப் பாடமும் பயிற்சியும் வகுத்தார்கள். 2023இல் இது நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

ஆய்க்குடி காட்டும் வழி

நம் வட்டாரத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் பிறந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள், 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது கீழே விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். தமக்குச் சிகிச்சை செய்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் அவர்கள் நினைவாக, 1981இல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். சில குழந்தைகளுடன் தொடங்கிய பணி மறுவாழ்வுச் சிகிச்சை, தொழிற்பயிற்சி, கிராமந்தோறும் சென்று இளம் பருவத்திலேயே குறைகளைக் கண்டறிதல் என்று விரிந்தது. மாற்றுத்திறன் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒன்றாக அமர்ந்து படிக்கும் பள்ளியும் அங்கே எழுந்தது. 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

ஆய்க்குடி நமக்குக் கற்பிப்பது இது: ஒரு குழந்தையைப் பார்த்து ‘இதனால் என்ன முடியாது’ என்று கேட்பது எளிது. ‘இது எந்த வழியில் வந்தால் முடியும்’ என்று கேட்பதே கல்வி.

பாடம் திட்டமிடுவது எவ்வாறு?

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பாடம் எழுத வேண்டும் என்றால் எந்த ஆசிரியராலும் இயலாது. அது தேவையும் இல்லை. மறுநாட் பாடத்துக்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை கண்டாற் போதும்.

முதலாவது, பாடம் முடியும்போது எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டியது எது? இரண்டாவது, இப்பொழுது யார் எந்த நிலையில் நிற்கிறார்? மூன்றாவது, அந்தந்த நிலையிலிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை வழிகள் தேவை? நான்காவது, போய்ச் சேர்ந்தார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

உதாரணமாக மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடம் ஒன்றைப் பார்ப்போம். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை நம் பிள்ளைகள் எல்லோரும் அறிந்தது. அச்சந்தையையே பாடமாக்கலாம். பாடத்தின் குறிக்கோள், பொருள் வாங்கிக் கணக்கிட்டு மீதி பெறுதல்.

முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் பொது. வகுப்பறையில் ஒரு சந்தை வைக்கிறார்கள். தக்காளி, கத்தரிக்காய், வெங்காயம் சிறிது, ஒரு தராசு, காகிதத்தில் செய்த ரூபாய்த் தாள்கள். விற்பவர் சிலர், வாங்குபவர் சிலர். இதில் பங்கு கொள்ளாத பிள்ளை ஒருவரும் இருக்கக் கூடாது.

அடுத்த இருபது நிமிடம் மூன்று குழுக்கள். அரும்பு நிலையினர் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணி, காய்களுக்கு விலைச்சீட்டு எழுதி வைப்பார்கள். மொட்டு நிலையினர் 12 ரூபாய்க்குத் தக்காளியும் 15 ரூபாய்க்கு வெங்காயமும் வாங்கினால் மொத்தம் 27 ரூபாய், 50 ரூபாய்த் தாள் கொடுத்தால் மீதி 23 ரூபாய் என்று காகிதத் தாள்களைக் கொண்டே கணக்கிடுவார்கள். மலர் நிலையினர் கிலோ 18 ரூபாய் வீதம் 3 கிலோவுக்கு 54 ரூபாய், 100 ரூபாய் கொடுத்தால் மீதி 46 ரூபாய் என்று பட்டியல் எழுதுவார்கள். முடித்தவர்கள் மற்றக் குழுவினருக்காகப் புதுக் கணக்கு ஒன்று உண்டாக்குவார்கள். சீக்கிரம் முடித்துவிட்டுச் சீண்டிக்கொண்டிருந்த பையனுக்கு இப்பொழுது வேலை இருக்கிறது.

இதனுள்ளேயே சில பிள்ளைகளுக்குச் சிறு மாற்றங்கள் செய்யலாம். பார்வை குறைந்த சிறுமி முன்னால் வெளிச்சத்தில் அமர்வாள். அவளுக்குப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையும், தடவி அறியக் காகிதத்துக்குப் பதில் உண்மையான நாணயங்களும் தரலாம். காது மந்தமான பையன் இருக்கும்போது ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல், வெளிச்சம் தம் முகத்தில் விழ, அவனைப் பார்த்துப் பேச வேண்டும். கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி அவனை உட்கார வைக்க வேண்டும். எழுத்து இடம் மாறும் பையன் கணக்கை வாயாற் சொல்லட்டும். கணக்குப் பாடத்தில் நாம் அறிய விரும்புவது அவன் கணக்கையே அன்றிக் கையெழுத்தை அன்று. ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளையிடம் தராசை ஒப்படைக்கலாம். தமிழ் புதிதான பிள்ளைக்குக் காய்களின் பெயரை அவன் மொழியிலும் நம் மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்ல ஒரு தோழனைச் சேர்க்கலாம். இவற்றிற்குப் பணச் செலவு மிகக் குறைவு. முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் உழைப்பே செலவு.

கடைசிப் பத்து நிமிடம் மீண்டும் எல்லோரும் ஒன்றாகக் கூடுவார்கள். ஒவ்வொரு குழுவும் தான் செய்ததைச் சொல்லும். ஆசிரியர் தம் குறிப்பேட்டில் நான்கைந்து பெயர்களை மட்டும் குறித்துக்கொள்வார்: நாளை மொட்டுக்குப் போகத் தகுந்தவர் யார், இன்னொரு நாள் புளியங்கொட்டை தேவைப்படுபவர் யார் என்று. அடுத்த நாளின் திட்டம் அந்தக் குறிப்பிலேயே பிறந்துவிடுகிறது.

மேலே சொன்ன ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கும் இவ்வாறே செய்தார்கள். தலைமையாசிரியை நாள்தோறும் இருபது நிமிடம் அவளுக்கு எழுத்து அட்டைகளிலிருந்து தொடங்கினார். இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுடன் உட்கார அவள் வெட்கப்பட்டபோது, அக்குழந்தைகளுக்கு அட்டை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார். பொங்கலுக்குப் பின் நான் அவ்வூருக்குச் சென்றபோது, நியாய விலைக் கடைப் பலகையில் இருந்ததைத் தன் பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வேகம் போதாது, ஆனால் இம்முறை விரலும் வரியும் ஒன்றாக இருந்தன.

கவனிக்க வேண்டியவை

இம்முறையில் ஆபத்துகளும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது.

குழு என்பது குலம் அன்று. ஜூன் மாதத்தில் அரும்பில் வைக்கப்பட்ட பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால், நாம் வகுப்பறையில் ஒரு புதுத் தீண்டாமையை உண்டாக்கியவர்களாவோம். கணக்கில் அரும்பாக இருப்பவன் தமிழில் மலராக இருக்கலாம். ஆகையால் குழுக்கள் பாடத்துக்குப் பாடம், வாரத்துக்கு வாரம் மாற வேண்டும். பின்தங்கியவனுக்கு எளிய வேலை கொடுத்து அத்துடன் விட்டுவிடுவதும் தவறு. வழி எளிதாகலாம், சேர வேண்டிய ஊர் மாறக் கூடாது. மேட்டு வயல்தானே என்று பாதி விளைச்சலோடு எந்த விவசாயியும் திருப்தி அடைவதில்லை.

செயல்வழிக் கற்றல் பரவிய காலத்தில் பல பெற்றோர், ‘பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வாத்தியார் பாடம் நடத்துவதில்லை’ என்று குறைபட்டார்கள். அட்டைகள் கிழிந்தால் மாற்று அட்டை உடனே வராத பள்ளிகளும் இருந்தன. ஆசிரியர்களோ, பதிவேடுகளை நிரப்புவதிலேயே பொழுது கழிகிறது என்றார்கள். இக்குறைகளை அலட்சியம் செய்யலாகாது. பொருளும் நேரமும் கொடுக்காமல் முறையை மட்டும் கொடுத்தால் அது வாய்க்கால் வெட்டாமல் மடை கட்டியது போலாகும்.

சட்டம் கூறுவது

நிலையறிந்து கற்பிப்பது ஆசிரியரின் நல்லெண்ணத்தைப் பொறுத்த காரியம் மட்டும் அன்று. 2010 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையான கூடுதல் போதனை அளிப்பதை ஆசிரியரின் கடமையாக விதிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. எழுதுவதிலும் வாசிப்பதிலும் ஏற்படும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அத்தகைய குறைபாட்டை இளமையிலேயே கண்டறிய வேண்டும் என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுவரையான குழந்தைகளுக்கு இலவசக் கல்வி உரிமையும் உண்டு.

உதவிக்கு ஆள் இல்லாமலும் இல்லை. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியருக்கு ஆலோசனை கூறுகிறார்கள். பள்ளிக்கு வரவே இயலாத குழந்தைக்கு வீட்டுக்குச் சென்று பயிற்சி தருகிறார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள் நடத்தப்படுகின்றன. ஆனால் அந்தக் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

ஊராட்சி செய்ய வேண்டுவது

பாடம் ஆசிரியர் கையில். பாடம் நடக்கும் இடமும் சூழ்நிலையும் நம் கையில். 1950களின் பிற்பகுதியில் இம்மாநிலத்தில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் நடந்தபோது, ஊரார் தாமே முன்வந்து பலகையும் பெஞ்சும் மதிய உணவுக்குப் பாத்திரமும் தந்தார்கள். அந்த மனப்பான்மை இன்று இத்துறைக்கு வேண்டும்.

1. சாய்வுப் பாதை. இதில் என் தவறு ஒன்றையே முதலிற் சொல்கிறேன். முன்பு நான் பொறுப்பிலிருந்த ஓர் இடத்தில், ஒன்றரை அடி உயர மேடையுள்ள பள்ளிக்கு ஆறடி நீளத்தில் சாய்வுப் பாதை கட்டி முடித்துக் கணக்கும் தீர்த்துவிட்டோம். மறுமாதம் அங்கே சென்றபோது ஒரு தகப்பனார் சக்கர நாற்காலியைக் கீழேயே விட்டுவிட்டு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டேன். அந்தச் சரிவில் நாற்காலி ஏறாது, இறங்கினால் நிற்காது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது முறை. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி வேண்டும். பக்கத்தில் கைப்பிடியும், மேலே நாற்காலியைத் திருப்ப இடமும் வேண்டும். மதிப்பீட்டில் நான் கையொப்பமிட்டேன், அளந்து பார்க்கவில்லை. பிறகு இடித்துக் கட்டினோம். உறுப்பினர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு நாளையே ஓர் அளவு நாடாவுடன் சென்று பாருங்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் குடிநீர்க் குழாயின் உயரத்தையும் அப்படியே அளந்துவிடுங்கள்.

2. வெளிச்சமும் சுவரும். ஜன்னலை மறைக்கும் கிளைகளை வெட்டுதல், விளக்குகளைச் சரிபார்த்தல், பிள்ளைகள் எழுதத் தாழ்ந்த கரும்பலகை பூசுதல் ஆகியவை சிறு வேலைகள். பார்வை குறைந்த பிள்ளைக்கு இவையே பெரிய உதவி.

3. கற்பிக்கும் பொருள்கள். புளியங்கொட்டை, சோளத் தட்டை, பனையோலை, களிமண், பழைய தராசு, படிக்கல் முதலியவை விவசாயி வீட்டில் கிடைப்பவை. அறுவடை முடிந்ததும் ஒரு கூடை நிறையப் பள்ளிக்குக் கொடுத்தால் ஓர் ஆண்டுக் கணக்குப் பாடம் நடக்கும்.

4. பள்ளி மேலாண்மைக் குழு. இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடம் உண்டு. நம் பகுதித் தாய்மார் பலர் பீடி சுற்றுகிறார்கள். எண்ணிக்கைக் கூலியில் வேலை செய்பவரை முற்பகலில் கூட்டத்துக்கு அழைத்தால் அன்றைய கூலியை அவர் இழக்க நேரும். அவர்களுக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டுக் கூட்டத்தை வையுங்கள். கூட்டத்தில், ‘எத்தனை பேர் தேர்ச்சி’ என்று மட்டும் கேளாமல், ‘வாசிக்கத் தெரியாதவர் யார், அவர்களுக்கு என்ன செய்யப்படுகிறது’ என்று கேளுங்கள்.

5. கிராம சபை. ஊரில் பள்ளிக்கு வராத குழந்தை, சாரல் காலத்துக் கடை வேலைக்குப் போய் நின்றுவிட்ட குழந்தை, வீட்டுக்குள்ளேயே வளரும் மாற்றுத்திறன் குழந்தை எவரேனும் உண்டா என்று வார்டு உறுப்பினர் வீடு வீடாக விசாரித்துத் தலைமையாசிரியரிடமும் சிறப்புப் பயிற்றுநரிடமும் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் பெயரைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டாம். எண்ணிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் சொன்னாற் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பின்தங்குகிறது என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். ‘மக்கு’ என்ற சொல்லை வீட்டில் வழங்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல், உங்கள் பிள்ளை சென்ற மாதம் எங்கே இருந்தது, இந்த மாதம் எங்கே இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியருக்கும் அந்தக் கேள்வி வேண்டும். கேட்பவர் இருந்தால்தான் அவர் குறிப்பேட்டை நாள்தோறும் திறப்பார்.

முடிவாக

ஊராட்சிக் கட்டடங்களின் திறப்பு விழாக்களில் நான் பல முறை கலந்துகொண்டிருக்கிறேன். கல்வெட்டில் நம் பெயர்கள் இருக்கின்றன. அந்தக் கட்டடத்துக்குள் ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு அக்கல்வெட்டையே வாசிக்கத் தெரியாமல் ஒரு குழந்தை வெளியே போகுமானால், நாம் கட்டியது பள்ளிக்கூடமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு காலை வேளையில் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஆசிரியரின் அனுமதி பெற்றுக் கடைசி வரிசையில் அரைமணி நேரம் உட்காருங்கள். எந்தப் பிள்ளைக்குப் பாடம் எட்டுகிறது, எந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை என்பது நீர் பாயும் திசையை அறிந்த உங்கள் கண்ணுக்குத் தப்பாது. பார்த்ததை ஆசிரியருடன் தனியே அமர்ந்து பேசுங்கள். எந்த மடையைத் திறக்க வேண்டும் என்பதை அப்பொழுது இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.